ஹீட் மீட்டர்

“சென்சார் டூப்ளிகேட். ஹீட் மீட்டர் காட்டவில்லை” என்று ஜாப் கார்டில் எழுதிவிட்டு, தங்கராஜ் பேனாவைப் பவித்ராவின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“போடும்மா கையெழுத்து. மீட்டர் வேல உன்து, அப்ப தப்பும் உன்துதான்.”

திருமழிசை தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் இருந்த தங்கராஜின் பட்டறையில் அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒரு ஸ்பானர் சத்தம்கூட இல்லை. எல்லாரும் கையைத் துடைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். நடுவில் 1965-ஆம் வருடத்து ஜீப் ஒன்று பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. காலையில் சாமந்தி மாலையோடு பட்டறையை விட்டுப் போன வண்டி. மதியம் அதே மாலையோடு கிரேன் கொக்கியில் தொங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது. புதுப் பச்சைப் பெயின்ட்டின் மேல் ரேடியேட்டர் தண்ணீர் துருக்கோடுகளாக வழிந்து காய்ந்திருந்தது.

வண்டியின் சொந்தக்காரர் ரவிச்சந்திரன் ஓரமாக நின்றார். ஈரோட்டுப் பக்கத்துக்காரர், பூந்தமல்லியில் அடுக்குமாடி வீடு, ஐ.டி. வேலை. கோபத்தில்கூட மரியாதை குறையாத மனிதர்.

“நான் கண்ண எடுக்காமப் பாத்துட்டுதானுங்க வந்தேன்” என்றார். “முள்ளு செவப்புப் பக்கம் போகவே இல்லீங்க. குமணன்சாவடி சிக்னல்ல திடுதிப்புன்னு பொகை. இன்ஜின் ஹெட்டே வளைஞ்சு போச்சுங்கறாங்க. மீட்டருன்னு ஒண்ணு எதுக்குங்க வெக்கிறோம்?”

“ஃபேன் பெல்ட் புதுசு சார், கொஞ்சம் இளகி லூஸ் ஆயிட்ச்சி” என்றான் கோபி, இன்ஜின் வேலை பார்ப்பவன். “அது எல்லா வண்டிலயும் ஆவும். ஹீட் ஏறுதுன்னு மீட்டர் காட்டியிருந்தா ஓரங்கட்டி நிறுத்தியிருப்பீங்க.”

பெல்ட்டைப் போட்டவன் கோபி. அது யாருக்கும் உறைக்கவில்லை. எல்லார் கண்ணும் பவித்ராவின் மேல் இருந்தது.

அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் எந்தக் குற்றத்தைச் சொன்னாலும் முதலில் தன்னையே சந்தேகிப்பாள். ஒருவேளை கனெக்ஷன் இளகியிருக்குமோ? ஒருவேளை சென்சாரைச் சோதித்த அன்று தெர்மாமீட்டரைத் தப்பாகப் படித்திருப்போமோ? ஒருவேளை, ஒருவேளை என்று மனம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கை பேனாவை வாங்கிக் கையெழுத்தைப் போட்டுவிட்டது.

“திங்கக்கெழமலேர்ந்து பில் கவுன்ட்டர்ல குந்து” என்றார் தங்கராஜ். “மீட்டர் டேபிளுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்.” பிறகு ஜீப்பின் பானெட்டுக்குள் குனிந்து சென்சாரைக் கழற்றி, எல்லாருக்கும் தெரியும்படி ஸ்கிராப் வாளியில் எறிந்தார். ‘ணங்’கென்று கேட்டது.

அந்தச் சத்தம்தான் அவளுக்குள் எதையோ கொளுத்தியது. கையெழுத்துப் போட்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் அதைக் கிழித்துப் போட வேண்டும்போல இருந்தது.

ஏனென்றால் அந்தச் சென்சாரைத் தேடி அவள் ஐந்து மாதம் அலைந்திருந்தாள்.

பவித்ராவுக்கு இருபத்து நான்கு வயது. வீடு நெமிலிச்சேரியில். காலையில் அவுட்டர் ரிங் ரோடு வழியாக ஸ்கூட்டியில் பட்டறைக்கு வருவாள். மாலை ஆறரைக்கு அம்பத்தூரில் பகுதிநேர டிப்ளமோ வகுப்பு. பட்டறைக்கு வந்த முதல் வருடம் அவளுக்கு பில் கவுன்ட்டர்தான் கொடுத்தார்கள். ஓய்ந்த நேரத்தில் பழைய மீட்டர்களைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்து, ஜன்னலோரத்தில் இரண்டடி மேசை ஒன்றைத் தனக்கென்று பிடித்து வைத்திருந்தாள். அந்த மேசையைத் தவிர அந்தப் பட்டறையில் அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஜீப் வந்தபோது அதன் டேஷ்போர்டில் நான்கு ஓட்டைகள்தான் இருந்தன. பெட்ரோல், ஆயில், ஆம்பியர் மூன்றுக்கும் புதுப்பேட்டையில் ஒரே நாளில் மீட்டர் கிடைத்துவிட்டது. நான்காவதான ஹீட் மீட்டர்தான் உயிரை வாங்கியது. மீட்டர் தனி, இன்ஜின் தலையில் திருகும் சென்சார் தனி. சூடு ஏற ஏற சென்சாரின் மின்தடை குறையும், அதற்கேற்ப முள் நகரும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் முள் வாய்க்கு வந்ததைச் சொல்லும்.

இதைக் கடைக்காரர்களிடம் சொல்லிப் புரியவைப்பதற்குள் அவள் தொண்டை வற்றிப்போனது. ஆவடியில் ஒருவர் கொடுத்த மீட்டரில் சூடு ஏறினால் முள் இறங்கியது. “திருப்பிப் படிச்சிக்கோயேன்” என்றார் அவர். அம்பத்தூரில் இன்னொருவர், “எந்த சென்சாரும் எந்த மீட்டருக்கும் சேரும், போம்மா. ஊட்ல ஆம்பள யாரும் இல்லியா, நீ வந்துகினு கீற?” என்றார். அவள் வெளியே வந்து, வெயிலில் ஸ்கூட்டியின் மேல் உட்கார்ந்து நோட்டில் தேதியையும் கடைப் பெயரையும் எழுதி, ‘இல்லை’ என்று குறித்தாள். பேனா தாளைக் கிழித்தது.

அதற்குப் பிறகு எங்கு போனாலும் ஃபிளாஸ்க்கில் வெந்நீர், ஒரு மல்ட்டிமீட்டர், வகுப்பு ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கிய தெர்மாமீட்டர், மூன்றையும் எடுத்துக்கொண்டு போனாள். கடை வாசலிலேயே சென்சாரை வெந்நீரில் முக்கிப் பார்ப்பாள்.

புதுப்பேட்டை சுலைமான் பாய் முதல் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இன்னாம்மா, சென்சாருக்குக் காய்ச்சலா? மாத்திரை எய்தித் தரட்டா?”

“உங்க கடை சரக்குக்குத்தான் பாய் காய்ச்சல். மூணு சென்சார் போட்டேன், மூணும் செத்துக் கிடக்கு.”

“ஐயய்யோ, சத்தமா சொல்லாத, கஸ்டமர் கீறாங்க” என்று உள்ளே கூப்பிட்டு ஸ்டூல் போட்டார். அவருடைய பரணில், எலி கடித்த அட்டைப் பெட்டி ஒன்றில்தான் மீட்டர் கிடைத்தது. கறுப்பு டயல், வெள்ளை எழுத்து, வலப்பக்கம் சிவப்புப் பட்டை. அதற்குப் பொருந்தும் சென்சார் கிடைக்க மேலும் ஏழு வாரம் ஆனது. ஆவடியில் உடைத்துப் போட்ட பழைய ஜெனரேட்டர் ஒன்றின் இன்ஜினில் இருந்தது.

அந்த ஐந்து மாதத்தில் கோபி எத்தனை முறை சொல்லியிருப்பான்! “பவி, பேசாம முள்ள நடுவுல ஒட்டிட்டு உட்ரு. யாருக்குத் தெரியப் போவுது?” தங்கராஜும் பாதி விளையாட்டாக அதையே சொன்னார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. கோடை விடுமுறையில் ரவிச்சந்திரன் அந்த ஜீப்பில் மனைவி மகளோடு கோத்தகிரி மலை ஏறப்போகிறார். பொய் சொல்லும் மீட்டரை வைத்து அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

இப்போது அந்த மீட்டர் பொய் சொல்லிவிட்டது என்கிறார்கள். அதற்குக் கீழே அவளே கையெழுத்தும் போட்டிருக்கிறாள்.

அன்று மாலை எல்லாரும் டீ குடிக்கப் போன நேரத்தில் அவள் ஸ்கிராப் வாளியில் கைவிட்டுச் சென்சாரை எடுத்தாள். இரும்புச் சுருள் ஒன்று விரலைக் கீறியது. ரத்தத்தைச் சுடிதாரில் துடைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். வாத்தியார் டிரான்ஸ்ஃபார்மர் பாடம் நடத்தினார். ஒரு வரியும் ஏறவில்லை.

சனிக்கிழமை வீட்டிலேயே சமையல் அடுப்பில் பால் பாத்திரத்தை வைத்துத் தண்ணீர் கொதிக்கவிட்டாள். அம்மா அன்னம்மாள் எட்டிப் பார்த்து, “பால் பாத்திரத்துலயாடி இத்தப் போடுவ?” என்று திட்டினாள். அவள் காதில் வாங்கவில்லை. முப்பது டிகிரியிலிருந்து தொண்ணூற்றைந்து வரை, ஐந்து ஐந்து டிகிரியாக மின்தடையை எழுதினாள். பிறகு பழைய பக்கத்தைத் திருப்பி, இரண்டு மாதத்துக்கு முன் எழுதிய எண்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். ஒரு ஓம், இரண்டு ஓம் வித்தியாசம். அவ்வளவுதான்.

சென்சார் சரி.

சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. சோதித்தே பார்க்காமல் வாளியில் எறிந்தாரே அந்த மனுஷன்! சோதித்தே பார்க்காமல் கையெழுத்துப் போட்டாளே இவள்! யார் மேல் அதிகக் கோபம் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. அதோடு இன்னொரு சந்தேகமும் கிளம்பியது. சென்சார் சரி என்றால், மீட்டர் கெட்டிருக்க வேண்டும். அதையும் பார்த்துவிட வேண்டும்.

திங்கட்கிழமை மற்றவர்களுக்கு முன்னால், எட்டு மணிக்கே பட்டறைக்குப் போனாள். வாட்ச்மேன் ஷட்டரைத் தூக்கிவிட்டான். ஜன்னலோர மேசைக்கு முன்னால் அவளுடைய ஸ்டூல் இல்லை. பில் கவுன்ட்டருக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். அவள் அதில் உட்காராமல் தாண்டிப் போய், ஜீப்பிலிருந்து ஹீட் மீட்டரைக் கழற்றி மேசையில் நிறுத்தினாள். பேட்டரி கொடுத்தாள். பட்டறையின் டீ கெட்டிலில் தண்ணீர் ஊற்றி, சென்சாரையும் தெர்மாமீட்டரையும் உள்ளே தொங்கவிட்டு, ஸ்விட்சைப் போட்டாள்.

ஐம்பது. முள் அசைந்தது. அறுபது. எழுபது, நடுவுக்கு வந்துவிட்டது. எண்பது.

முள்ளைக் காணவில்லை.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு குனிந்தாள்.

கண்ணாடியின் வலப்பாதியில் பொட்டு இருந்தது. கட்டை விரல் அளவுக்குச் சந்தனம், நடுவில் குங்குமம், காய்ந்து கெட்டிப்பட்டு. எண்பதிலிருந்து சிவப்புப் பட்டை முழுவதும் அதற்குள் போயிருந்தது. முள் ஒழுங்காக நகர்ந்து பொட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் கொதித்துக் கெட்டில் தானாக அணைந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவள் கண் முன் வந்தது. எந்த வண்டியை டெலிவரி கொடுத்தாலும் தங்கராஜ் பூஜை போடாமல் அனுப்ப மாட்டார். சக்கரத்துக்கு எலுமிச்சை, முகப்புக்கு மாலை, ஸ்டியரிங்குக்கு மூன்று பொட்டு, ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு பொட்டு. அதற்குப் பிறகுதான் ரவிச்சந்திரன் திருவேற்காடு கோயிலுக்கு வண்டியை எடுத்தார். அந்தப் பட்டறையில் வருடக்கணக்காக இதுதான் வழக்கம். டயல் பெரிதான லாரிகளிலும் டிஜிட்டல் கார்களிலும் ஒன்றும் ஆகவில்லை. இந்த மீட்டரோ ஒரு பிஸ்கெட் அளவு.

தங்கராஜின் கட்டை விரல்தான் பொட்டு வைத்தது. ஆனால் சந்தனத் தட்டை அவர் பக்கத்தில் ஏந்திக்கொண்டு நின்றவள் பவித்ரா. மூன்று நாளாக அந்த டேஷ்போர்டை எத்தனை பேர் குனிந்து பார்த்தார்கள்! ஒருவர் கண்ணுக்கும் பொட்டு தெரியவில்லை. பொட்டு இல்லாத வண்டியை அங்கே யாரும் பார்த்ததில்லை அல்லவா?

சுரண்டிவிடலாமா என்று நகம் கிட்டே போனது. வேண்டாம். இது இருந்தபடியே இருக்கட்டும்.

பத்து மணிக்கு ரவிச்சந்திரன் மனைவி சாவித்திரியோடு வந்தார். ஹெட்டைச் சரிசெய்ய எத்தனை நாள் ஆகும் என்று தங்கராஜிடம் கேட்டுக்கொண்டிருந்தவரைப் பவித்ரா கூப்பிட்டாள்.

“சார், ஒரு பத்து நிமிஷம் இங்க வாங்க.”

“உன்ன கவுன்ட்டர்ல குந்துன்னு சொன்னேனா இல்லியா?” என்றார் தங்கராஜ்.

“குந்தறேண்ணா. அதுக்கு முன்னாடி இத்தப் பாத்துடுங்க.”

கோபி வேலையை விட்டுவிட்டு வந்து நின்றான்.

புதுத் தண்ணீர் ஊற்றினாள். தெர்மாமீட்டரைச் சாவித்திரியின் கையில் கொடுத்தாள். “மேடம், நீங்க டிகிரியச் சத்தமாப் படிங்க. சார், நீங்க வண்டில எப்டிப் பாத்தீங்களோ அதே மாதிரி மீட்டரப் பாருங்க. முள் செவப்புக்குப் போனா சொல்லுங்க.”

“ஐம்பத்தஞ்சு” என்றார் சாவித்திரி. “அறுபத்தஞ்சு... எழுபது...”

“நடுவுல நிக்குதுங்க” என்றார் ரவிச்சந்திரன். “வெள்ளிக்கெழமையும் இப்படித்தான்.”

“எண்பது... எண்பத்தஞ்சு... தொண்ணூறு...”

“செவப்புக்குப் போகலீங்களே.”

“தொண்ணூத்தஞ்சு. தண்ணி தளபுளன்னு கொதிக்குதுங்க.”

“முள் இப்ப எங்க சார் இருக்குது?” என்று கேட்டாள் பவித்ரா.

ரவிச்சந்திரன் கண்ணாடியின் பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “அட” என்றார். “பொட்டுக்குள்ளதானுங்க இருக்குது!”

கோபி ‘பக்’கென்று சிரித்து, தங்கராஜின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினான்.

தங்கராஜின் முகம் கறுத்தது. “இன்னா சொல்ல வர்ற நீ? கருமாரி பேரச் சொல்லி வெச்ச பொட்டு. அது மேலயே பழி போடறியா?”

“பொட்டு மேல இல்லண்ணா. வெச்ச எடத்து மேல.”

“இருவது வருசமா வெக்கறேன், ஒரு வண்டிக்கு ஒண்ணும் ஆனதில்ல! நேத்து வந்தவ நீ, நோட்டு ஒண்ண வெச்சிகினு எனக்குக் கணக்கு சொல்றியா? தட்டப் புடிச்சிகினு நின்னது யாரு? நீதானே? உனுக்குக் கண்ணு இல்ல?”

அந்தக் கேள்விக்கு அவள் தயாராகவே இருந்தாள். ஞாயிறு முழுக்கத் தன்னைச் சந்தேகித்தவள், திங்கட்கிழமை எட்டு மணியிலிருந்து தன்னைத் திட்டிக்கொண்டிருந்தவள்.

“ஆமாண்ணா, நாந்தான் புடிச்சேன். நானும் பாக்கல. அத நான் ஒத்துக்கறேன். நீங்க? அஞ்சு மாசம் ஃபிளாஸ்க்க தூக்கினு நாய் மாதிரி அலைஞ்சு கொண்டாந்த சென்சார். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ தண்ணில போட்டுப் பாத்தீங்களா? எடுத்த எடுப்புல டூப்ளிகேட்! வாளில வீசறீங்க! எல்லார் முன்னாடியும் கையெழுத்து வாங்கறீங்க! முள்ள ஒட்டிட்டு உடுன்னு சொன்னவங்க நீங்க. ஒட்டாததுக்குத்தான் இந்த மரியாதையா?”

அவளே தன் குரலைக் கேட்டுத் திகைத்துப் போனாள். ஆனால் நிறுத்தவில்லை. கவுன்ட்டருக்குப் போய் ஜாப் கார்டை எடுத்து வந்தாள். ‘சென்சார் டூப்ளிகேட்’ என்ற வரியைத் தன் கையெழுத்தோடு சேர்த்து அடித்தாள். கீழே நிறுத்தி நிதானமாக எழுதினாள்: ‘சென்சார் சரி. மீட்டர் சரி. கண்ணாடியில் சிவப்புப் பட்டை மேல் பொட்டு. பொட்டு வைத்தவர் தங்கராஜ். தட்டு பிடித்தவர் பவித்ரா. இருவரும் கவனிக்கவில்லை.’ கையெழுத்தும் தேதியும் போட்டு, பேனாவைத் தங்கராஜின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. பேனாவையும் பார்க்காமல், அவளையும் பார்க்காமல், மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலைப் பக்கம் நடந்தார்.

சாவித்திரி கெட்டிலின் வெந்நீரில் கைக்குட்டையை நனைத்தார். மீட்டர் கண்ணாடியின் மேல் நாலைந்து தடவை தேய்த்தார். சந்தனம் கரைந்து வந்தது. ஈரக் குங்குமத்தை விரலில் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு, “இது இருக்க வேண்டிய எடம் இதுதானுங்க” என்றார். சிவப்புப் பட்டையின் நடுவில் முள் தெளிவாக நின்றது.

“ஹெட் வந்ததும் மீட்டர இந்தப் பொண்ணே மாட்டட்டுங்க” என்றார் ரவிச்சந்திரன் கோபியிடம். “அன்னைக்கு நான் பேசினதுக்கு மன்னிச்சுக்கம்மா.”

அவர் ஒருவர்தான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

தங்கராஜ் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். மறுநாள் காலை ஸ்டூல் ஜன்னலோரம் திரும்பி வந்திருந்தது. யார் தூக்கி வைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. ஜாப் கார்டில் அவளுடைய கையெழுத்துக்குப் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. அவள் தினமும் அதை எடுத்துப் பார்த்துவிட்டு ஃபைலில் வைத்தாள்.

பதினெட்டு நாள் தங்கராஜ் அவளிடம் பேசவில்லை. சொல்ல வேண்டியதைக் கோபி வழியாகச் சொன்னார். பத்தொன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜீப் மறுபடியும் மாலை போட்டுக்கொண்டு வாசலில் நின்றது. ரவிச்சந்திரன் குடும்பத்தோடு வந்திருந்தார். தங்கராஜ் கற்பூரம் காட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமலே கூப்பிட்டார்.

“பவித்ரா, தட்டு.”

பதினெட்டு நாளுக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. அது தட்டைப் பற்றியது. அவள் காது சிவந்தது.

“கையில வேல கீதுண்ணா” என்றாள், மேசையிலிருந்து எழாமல்.

கோபி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்த் தட்டைப் பிடித்தான். தங்கராஜ் ஸ்டியரிங்கில் மூன்று பொட்டு வைத்தார். சந்தனக் கட்டை விரல் ஹீட் மீட்டருக்கு நேரே போய் நின்றது. காற்றிலேயே கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு நான்கு விரற்கடை கீழே இறங்கி, பச்சைத் தகரத்தின் மேல் பதிந்தது. மற்ற மூன்று மீட்டருக்கும் அப்படியே.

அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பது அவருக்கும் தெரியும்.

ஜீப் கிளம்பியது. அவள் நோட்டைத் திறந்து, தேதி போட்டு, ‘ஜீப் டெலிவரி. மீட்டர் கண்ணாடி நான்கும் சுத்தம்’ என்று எழுதினாள். அதற்குக் கீழே இன்னும் எழுத நிறைய இருந்தது. எழுதவில்லை. அடுத்த மீட்டரை எடுத்துத் திருப்புளியை அழுத்தினாள். கொஞ்சம் அதிகமாகவே அழுத்திவிட்டாள்போல. திருகாணியின் தலை வழுக்கியது.